துரை பங்களாவின் போறணைக் கலை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலை மலைகள். அம்மலைகளின் மேட்டிலே துரைமாரின் பங்களாக்கள் கட்டப்பட்டன; அவற்றுட் சில இன்றும் நிற்கின்றன. பங்களாவின் முன்மண்டபத்தைப் பற்றியும் பூந்தோட்டத்தைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். பின்கட்டிலே புகை படிந்து கிடந்த குசினியைப் பற்றி எழுதியோர் சிலரே. அக்குசினியில் உருவான உணவு வகைகளுள் ஒன்று, எலும்பு நீக்கிச் சுருட்டிச் சரக்கிட்டுப் போறணையில் வாட்டிய பன்றியிறைச்சி. அது ஆங்கிலேயரின் பண்டம். ஆனால் அதனை வாட்டியெடுத்த கைகளுட் பல, லயத்துக் காம்பராக்களில் பிறந்த தமிழ்க் கைகள்.

குசினி, போறணை என்னும் சொற்கள் இரண்டும் ஆங்கிலம் வருமுன்பே போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றவை. அவை வீட்டுச் சொற்களாகி நெடுங்காலமாயிற்று.

சைவ வாசகர் சிலர் முகஞ் சுளிக்கலாம். நானும் புலால் உண்பவன் அல்லன். ஆயினும், பன்றியிறைச்சியைத் தீயிலே பதமாகக் காய்ச்சி, நாவாற் சுவைத்து, நல்லவற்றைத் தேர்ந்து காளத்தியப்பருக்குப் படைத்த கண்ணப்பரை நாயன்மாருள் ஒருவராக வைத்துத் தொழுகிறோம். பதமறிந்து வாட்டுவதும் ஓர் அறிவு என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. நாம் ஏன் மறைக்க வேண்டும்?

செய்முறைக்கு வருவோம். தோள்பட்டை இறைச்சி நான்கு இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1.8 கிலோகிராம் எடுத்து எலும்பை நீக்குவர். தோலிலே கூரிய கத்தியால் நெருக்கமாகக் கோடு கீறுவர். பூண்டு எட்டுப் பல், விரலளவு இஞ்சி, மிளகு, கடுகு, சிறிது கறுவா, ஒரு மேசைக்கரண்டி உப்பு, அதே அளவு வினாகிரி ஆகியவற்றை அரைத்து உட்புறத்தில் மட்டும் பூசி, தோல் வெளிப்பக்கம் அமையும்படி இறுகச் சுருட்டி, அங்குலத்துக்கு ஒரு கட்டாகப் பருத்தி நூலால் கட்டுவர். தோலின்மேல் உப்பைத் தவிர வேறெதுவும் படக்கூடாது. ஈரம் இருந்தால் தோல் மொறுமொறுப்பாகாது, தோற்பட்டையாகவே நின்றுவிடும். பின்னர் ஓரிரவு குளிரில் வைத்தல் வேண்டும். அக்காலத்தில் மலைக்குளிரையும் கம்பிவலைப் பெட்டியையும் நம்பினர். இன்று குளிர்சாதனப் பெட்டியே பாதுகாப்பு.

ஏன் சுருட்ட வேண்டும்? எலும்பு நீங்கிய துண்டு ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். சுருட்டினால் ஒரே பருமனுள்ள உருளையாகிறது. எங்கும் ஒருசேர வேகும். வெளியே உள்ள கொழுப்பு உருகி வழிந்து இறைச்சியை வறளாமற் காக்கும். மாணவர் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம்: வேகும் நேரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது எடையன்று, பருமன். அதே பருமனில் உருளை இருமடங்கு நீண்டால் நேரம் இருமடங்காகிவிடாது. இன்னொன்று, சுருட்டும்போது இறைச்சியின் மேற்பரப்பு உள்ளே போகிறது. அதிற் படிந்த கிருமிகளும் உடன் போகின்றன. ஆகவே நடுப்பகுதி 71 செல்சியஸ் பாகையை எட்டாமல் வெளியே எடுத்தல் ஆகாது. பன்றியிறைச்சி அரைவேக்காடாயின் புழுநோய் வரும் என்ற அச்சம் மூடநம்பிக்கையன்று.

முதல் அரைமணி நேரம் 220 பாகை; அதன்பின் 160 பாகையில், இறாத்தலுக்கு 35 நிமிடம் என்று உத்தேசக் கணக்கு. எடுத்தபின் இருபது நிமிடம் ஆறவிட்டு நூலை அறுப்பர். தட்டில் வழிந்த கொழுப்பிலே அம்மலைகளில் விளையும் உருளைக்கிழங்கும் கரட்டும் வெந்திருக்கும்.

மலைநாட்டுக்குப் போறணை பொருந்தியதற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையின் சூடு அதற்கு மேல் ஏறாது. பருப்பும் இறைச்சியும் அவிய நேரமெடுப்பது அதனாலேதான். போறணையின் உலர்ந்த வெப்பத்துக்கோ மலையின் உயரம் ஒரு பொருட்டன்று.

ஆனால் அந்த வார்ப்பிரும்பு அடுப்புக்களில் பாகை காட்டும் கருவியை எதிர்பார்க்க முடியாது. கவ்வாத்து வெட்டிய மிலாறு சட்டெனப் பற்றிச் சட்டென அணையும். யூக்கலிப்டஸ் கட்டை மெல்லப் பிடித்து நெடுநேரம் நின்றெரியும். முதல் அரைமணிக்கு எது, பின்னைய இரண்டரை மணிக்கு எது என்பதை அப்பு அறிந்திருக்க வேண்டும். வெள்ளைத்தாள் ஒன்றைப் போறணைக்குள் வைத்து அது பழுப்பாகும் வேகத்தைக் கொண்டு சூட்டை மதிப்பிடுவது பழைய சமையற்காரர் முறை. 1929இல் வெளிவந்த ‘சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்’ போன்ற ஆங்கில நூல்கள் அளவுகளைச் சொல்லும்; விறகை எப்போது இழுப்பது என்பதைக் கைதான் சொல்லும்.

அக்கைகளுக்குக் கிடைத்த மரியாதையை அறிய, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சின்னத்துரைமார் தமிழ் பயில எழுந்த கைநூலின் பெயரைப் பார்த்தாலே போதும்: ‘இங்கே வா’. 1948ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரின் பிரசாவுரிமையைப் பறித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் கடல் கடந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத்துரைமாரின் காலம் முடிந்தது. பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகள். அங்கே பழைய ஆங்கில உணவு என்று பரிமாறப்படுவதில் அப்புமாரின் பங்கு எவ்வளவு என்று கேட்பாரில்லை. ராகலைப் பகுதி மாணவர் தம் தோட்டத்து முதியவரிடம் கேட்டு எழுத ஒரு கொப்பி போதும். சில ஆண்டுகள் கழிந்தால் கேட்பதற்கு ஆளிராது.

காம்பராவில் போறணை கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அதற்கு இடமேது? ஆனால் நம் நாட்டு வீடுகளில் கேக் சுடக் கையாண்ட வழி ஒன்றுண்டு. கனத்த சட்டியை மெல்லிய தணலில் ஏற்றி, தகர மூடியிட்டு, மூடியின்மேலும் தணல் பரப்புவது. அடியிலே நாலு ஓட்டுத்துண்டை வைத்து, அதன்மேல் சுருளை இருத்தினால் அடிப்பிடிக்காது. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவருக்கு மட்டும் அது வேகாது.