மதில் வரி

கார்வேட்டிநகரத்தார் சென்னைக்குப் பிரயாணப்பட்டுப் புத்தூரில் ரயிலேறி, திருத்தணியும் அரக்கோணமும் கடந்து சென்ட்ரலில் இறங்கினால், நிலையத்தின் கிழக்கே 'வால்டாக்ஸ் ரோடு' என்னும் நெடுந்தெருவைக் காண்பார்கள்; அந்த வால் குரங்கின் வாலன்று, ஆங்கிலேயரின் சுவர்; டாக்ஸ், அதற்காக விதிக்க நினைத்த வரி.

மதிலுக்கான பணத்தைப் பொக்கிஷத்திலிருந்து எடுத்துக் கொடாமல், அதை வசூலித்துக்கொள்ளும் அதிகாரத்தை மட்டும் சாசனமாக எழுதிக் கொடுப்பது பழைய அரசர்களின் சாமர்த்தியமான உபாயம். 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி ஷ்ரூஸ்பரி நகரத்தாருக்கு அளித்த 'முரேஜ்' உரிமையின்படி, அந்தச் சீமையின் சரக்கு வண்டிக்கு அரைப் பென்னி, அயல் சீமை வண்டிக்கு ஒரு பென்னி, பொதிக்குதிரைக்குக் கால் பென்னி, விலைக்கு வரும் மாட்டுக்கு அரைப் பென்னி என்று வாசலிலேயே எண்ணி வைத்தாக வேண்டும். குறித்த சில ஆண்டுக் கெடு தீர்ந்ததும் ஊரார் மறுபடி அரசனிடம் விண்ணப்பிப்பார்கள். மதில் வேலையோ முடிந்தபாடிராது. கப்பல்துறைகளுக்கும் 'கீயேஜ்' என்ற பெயரில் இதே ஏற்பாடுதான். நம் பக்கமும் இந்த யுக்தியை அறியாததன்று: கார்வேட்டிநகரம் முன்பு அடங்கியிருந்த வடாற்காட்டிலும் கடப்பையிலும், ஏரி கட்டிக் காப்பவனுக்கு ரொக்கம் தராமல், அதன் பாசன நிலத்திலோ தீர்வையிலோ ஒரு பங்கை 'தசபந்தம்' என்று விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் ஏரி விளைச்சலைப் பெருக்கித் தன் கூலியைத் தானே தேடித்தரும். மதிலுக்கு அந்தச் சக்தி ஏது?

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையையும், பத்தாண்டுக்குள் ஹைதர் அலியின் குதிரைப்படையையும் கண்டு கலங்கிய கிழக்கிந்தியக் கும்பினியார், கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பத் துணிந்து, பின்னாளில் ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே பெயர்போன பால் பென்ஃபீல்டிடம் வேலையை ஒப்படைக்க, 1772 வாக்கில் அது நிறைவேறிற்று. காவல் பெறுவோரே செலவையும் ஏற்கட்டும் என்று வரி விதிக்க யோசித்தபோது குடிகள் ஆட்சேபித்தார்கள். வரி வசூலாகாமலே போயிற்று. பிற்காலத்தில் மதிலின் பெரும்பகுதியை இடித்தும் விட்டார்கள். ராயபுரத்தருகே எஞ்சிய துண்டின் மேல் செடி வைத்து, அதற்கு மாடிப்பூங்கா என்று பெயரிட்டிருக்கிறார்கள்.