கரிசலுக்கு வந்த அமெரிக்கப் புழு

கோவில்பட்டிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மக்காச்சோளக் குருத்தை விரித்துப் பாருங்கள். மரத்தூள் போல ஈரமான எச்சம் குவிந்திருந்தால் அதற்குள் புழு இருக்கும். தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இவை இருந்தால் அது படைப்புழுதான், சந்தேகமே வேண்டாம்.

பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர்கூடப் பறக்கும். ஆனால் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது பெரும்பாலும் சரக்கோடு சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அமெரிக்காவின் வட பகுதியில் பனிக்காலம் இதைக் கொன்றுவிடும். ஆண்டுதோறும் தெற்கிலிருந்து புதிதாகப் படையெடுக்க வேண்டும். கோவில்பட்டியில் பனி ஏது? முட்டையிலிருந்து பூச்சியாவதற்குக் கோடை வெப்பத்தில் ஒரு மாதமே போதும்.

சரி, புழுவுக்கு இவ்வளவு மக்காச்சோளம் இங்கே எப்படிக் கிடைத்தது? இது கம்பும் நாட்டுச்சோளமும் கருங்கண்ணிப் பருத்தியும் விளைந்த பூமி. உலகச் சந்தையும் இதற்குப் புதிதல்ல. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அந்நாட்டுப் பருத்தி வரத்து நின்றபோது, லங்காஷயர் ஆலைகளுக்காகத் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கும் விலை ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது. இன்று பருத்தியின் இடத்தில் நிற்கும் மக்காச்சோளத்தைத் தின்பது பெரும்பாலும் கோழி. முட்டைக்கும் கறிக்கும் தேவை கூடக் கூட நாமக்கல் பண்ணைகளின் தீவனத் தேவையும் கூடுகிறது.  இப்போது எத்தனால் ஆலைகளும் போட்டிக்கு வந்திருக்கின்றன. விலை வரும்போது விதைக்காதே என்று சம்சாரியிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

புழு, சந்தை ஆகியவற்றோடு சேரும் மூன்றாவது கண்ணி மழை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டு சராசரியைவிட அதிகம். கரிசல் மண்ணின் களி நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மழை ஓய்ந்த பிறகும் பயிர் தாக்குப்பிடிப்பது களி உறிஞ்சிய அந்த நீர்ச் சேமிப்பில்தான். ஆனால் அடைமழையில் உப்பிய களி மேற்கொண்டு நீரை இறங்கவிடாது. வேர் அழுகும்.

புழுவும் மழையும் கைகோப்பது இங்கேதான். பட்டம் தவறிப் பெய்தால் ஓர் ஊரில் புரட்டாசியிலும் பக்கத்து ஊரில் கார்த்திகையிலும் விதைப்பார்கள். முதல் ஊரில் பயிர் முற்றும்போது அடுத்த ஊரில் இளங்குருத்து தயார். பந்தி முடியவே முடியாது. இடையில் வறட்சி வந்தால் புழுவுக்கு இன்னும் கொண்டாட்டம். கனமழை பெய்தால் மட்டும் சின்னப் புழுக்கள் அடித்துச் செல்லப்படும்.

இதற்கு வழியும் இங்கேயே உண்டு. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் முறை இங்கே நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படுவது. விதையைச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் சிறுதூறலுக்கு ஏமாந்து முளைக்காது. நல்ல மழைக்கே முளைக்கும். அருகருகே உள்ள வயல்கள் ஒரே சமயத்தில் முளைக்கவும் இது வழி. கோடை உழவு மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டிக்கொடுக்கும். ஊடுபயிராக உளுந்து, பாசி போட்டால் மக்காச்சோளம் போனாலும் கொஞ்சமாவது கைக்கு வரும். இதில் எதற்கும் பெரிய செலவில்லை. தனியொருவர் செய்து பெரிதாகப் பயனுமில்லை.

ஆகவே கரிசல்காட்டு நண்பர்களே, விதைக்கும் வாரத்தை ஊராகக் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். முளைத்த முதல் மூன்று வாரமும் காட்டுக்குள் இறங்கிக் குருத்தை விரித்துப் பாருங்கள். புழு பெருத்துக் குருத்துக்குள் பதுங்கிய பிறகு அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண்செலவுதான்.