மகமை: வியாபாரிகள் சங்கமும் குடியானவரும்

விளைந்த சரக்கை மண்டியில் போட்டுத் திரும்பும் குடியானவர், தம் கையில் கொடுக்கப்பட்ட பட்டியலைப் படித்துப் பார்ப்பாராயின், கமிஷன், இறக்குக் கூலி, எடைக் கூலி, சாக்கு என்னும் இனங்களுக்குக் கீழே சிற்சில ஊர்களில் ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பார். தொகை அற்பமாதலால் பெரும்பாலோர் அதைப்பற்றி விசாரிப்பதில்லை. ஆயினும், அவ்வற்பத் தொகை பல்லாண்டுகள் சேர்ந்தே தென் ஜில்லாக்களில் பள்ளிக்கூடங்கள் எழும்பியிருக்கின்றன. அப்பணம் எங்கே போகிறது, யார் கையினின்று போகிறது என்னும் இரண்டையும் நம் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகையால், அவற்றை ஈண்டு விளக்குவோம்.

இதற்கு விருதுநகரைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. 1923-ஆம் ஆண்டு வரை விருதுப்பட்டி என வழங்கிய இவ்வூரைச் சுற்றிலும் இருப்பது பெரும்பாலும் மானாவாரிக் கரிசல் நிலம். பருத்தியும், மிளகாயும், மல்லியும், பயறு வகைகளும் அந்நிலத்தின் செல்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையினின்று வடக்கே வந்து, சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் குடியேறிய நாடார் வியாபாரிகள் இச்சரக்குகளின் வாணிபத்தைக் கைக்கொண்டனர். அக்காலத்தில் சாலைகளில் கள்வர் பயம் மிகுதி. ஆதலால் வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாய்த் தங்குதற்குச் சுற்றுச்சுவரும் கிணறும் உள்ள ‘பேட்டை’களை அவர்கள் ஆங்காங்கே அமைத்தனர். பேட்டையில் தங்குவோரிடமும் சரக்கு விற்போரிடமும் பொது நன்மைக்காகப் பெற்ற பணமே மகமை. அதை நிருவகித்த சபைக்கு உறவின்முறை என்று பெயர்.

ஆகவே, சங்கத்தின் முதல் வேலை காவலே. பின்னர் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை வந்தது. பேட்டைக் காவலின் தேவை குறைந்தது. மகமை மட்டும் நிற்கவில்லை. காவலுக்குச் செலவான பணம் கல்விக்குத் திரும்பிற்று. விருதுநகரில் 1889-ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. வீட்டுக்கு வீடு சமைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து அதையும் அப்பள்ளிக்கு ஈந்தனர். பிற்காலத்தில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாய் விளங்கிய காமராஜர் அப்பள்ளியில் படித்தவர். 1947-ஆம் ஆண்டில் செந்திக்குமார நாடார் பெயரால் ஒரு கல்லூரியும் அவ்வூரில் ஏற்பட்டது. சர்க்கார் உதவியை எதிர்பார்த்துக் காத்திராமல் ஒரு கடைத்தெரு தன் ஊருக்கு இவ்வளவு செய்துகொண்டது வியக்கத்தக்கதே. ஆரம்பத்தில் அது ஒரு சமூகத்தாரின் முன்னேற்றத்தைக் கருதியே ஏற்பட்டதென்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வியாபாரிகள் சங்கம் என்பது தருமத்தோடு நிற்பதன்று. வியாபாரிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் வழக்கு வந்தால் கோர்ட்டுக்குப் போகுமுன் தீர்த்துவைப்பது, கடை அடைக்கும் நாட்களைக் குறிப்பது, ரயில் அதிகாரிகளுக்கும் வரி அதிகாரிகளுக்கும் விண்ணப்பம் செய்வது ஆகியவையும் அதன் காரியங்களே. குடியானவருக்கு இவற்றில் நேர்த்தொடர்பு சிறிதே. ஆனால் விலை நிலவரம் என்பது அப்படியன்று.

‘விருதுநகர் மார்க்கெட்’ என்ற தலைப்பில் பத்திரிகைகளில் வெளியாகும் நிலவரத்தைப் பார்த்தே பல ஊர்களில் மிளகாய்க்கும் மல்லிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை பேசப்படுகிறது. இந்நிலவரத்தைப் படிப்பவர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எல்லாச் சரக்குக்கும் அளவு ஒன்றன்று. எண்ணெய் 15 கிலோ டின்னுக்கும், பருப்பு 100 கிலோவுக்கும், மல்லி 40 கிலோவுக்கும் விலை கூறப்படுவது வழக்கம். 40 கிலோ விலையைக் குவிண்டால் விலையென மயங்கி, ‘விலை சரிந்துவிட்டது’ என்று பதறி விற்றால் நஷ்டம் யாருடையது? மற்றொன்று, அது மொத்த வியாபாரிகளுக்குள் நடக்கும் விலை, களத்துமேட்டு விலையன்று. வண்டிச் சத்தம், கூலி, கழிவு, வியாபாரியின் லாபம் ஆகியவற்றைக் கழித்த பின்னரே அதைத் தம் விலையோடு ஒப்பிடலாம்.

இனி மகமையை உண்மையில் கொடுப்பவர் யார் என்பதைப் பார்ப்போம். வியாபாரி தம் லாபத்தினின்று கொடுத்தால் அது அவருடைய தருமம். விற்பவரின் பட்டியலில் கழித்தால் அது குடியானவரின் தருமம். பட்டியலில் கழிக்காவிடினும், வாங்குவோர் ஒருவர் இருவராகவே உள்ள ஊரில் அச்செலவை மனத்திற்கொண்டே விலை கூறுவர். வாங்குவோர் பலராகிப் போட்டி இருக்குமிடத்தில் அவ்வாறு விலையைக் குறைத்தல் எளிதன்று. ஆகவே மகமையின் பாரம் எவர் தலையில் விழுகிறதென்பதைத் தீர்மானிப்பது அதன் பெயரன்று. மண்டியில் உள்ள போட்டியே. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கல்வெட்டில் வியாபாரிகளின் பெயர்களே காணப்படினும், அதன் செங்கற்களிற் சில கரிசற்காட்டுப் பருத்தியால் வந்தவை என்று நாம் கூறுவது இதனாலேயே.

இது புதிய முறையீடன்று. லின்லித்கோ பிரபுவின் தலைமையில் 1926-இல் நியமிக்கப்பட்டு 1928-இல் அறிக்கை வெளியிட்ட ராயல் விவசாயக் கமிஷன், சந்தைகளில் குடியானவருக்கு நேரும் குறைகளைக் கூறுமிடத்து, எடையில் செய்யும் சூதையும், மாதிரி என்று எடுத்துக்கொள்ளும் சரக்குக்கு விலை கொடாமையையும் கண்டித்தது. தெய்வத்தின் பெயராலும் தருமத்தின் பெயராலும் மனம்போனபடி கழிவு செய்வதையும் அவற்றோடு சேர்த்தே கண்டித்தது. சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டு வியாபாரப் பயிர்கள் சந்தைச் சட்டம் நிறைவேறியது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. இப்பொழுது அமலில் இருப்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டமாகும். அதன்படி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சந்தைக் கட்டணம் வாங்குபவரையே சாரும், விற்பவரிடம் கழிக்கப்படுவதன்று.

எனினும் எல்லாச் சரக்கும் விற்பனைக் கூடத்துக்குப் போவதில்லை. முன்பணம் வாங்கிய மண்டிக்கே சரக்கைக் கொண்டுபோக வேண்டிய நிலையில் பலர் இருக்கின்றனர். அத்தகையோர், ஒவ்வொரு கழிவும் தனித்தனியே எழுதப்பட்ட பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். ‘இதர செலவு’ என ஒரே வரியில் எழுதிய தொகையை ஒப்புக்கொள்ளலாகாது. மகமை கழிக்கப்பட்டிருந்தால், அது எந்தச் சபையின் கணக்கில் சேருகிறது, அக்கணக்கு எங்கே வாசிக்கப்படுகிறது என்று வினவுதல் வியாபாரியை அவமதிப்பதாகாது. கணக்கைக் கூட்டத்தில் வைத்துப் பழகிய சங்கங்கள் இவ்வினாவுக்கு முகஞ்சுளிப்பதில்லை. அவ்வூர்ப் பள்ளியில் தம் பிள்ளைகளுக்கு இடம் கேட்கும்போதும், மண்டியில் நிழலும் குடிதண்ணீரும் வேண்டும் என்னும்போதும், அப்பட்டியல்கள் கையிலிருப்பது நல்ல சாட்சியாகும்.

வியாபாரிகள் கைக்கொண்ட இவ்வழியைக் குடியானவர்களும் கைக்கொள்ளத் தடையில்லை. ஒரு கிராமத்தில் 100 குடும்பங்கள், குடும்பத்துக்கு 20 மூட்டை மிளகாய் விற்பதாகவும், மூட்டைக்கு 5 ரூபாய் தம் உற்பத்தியாளர் குழுவில் செலுத்துவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் 10,000 ரூபாய் சேரும். பெரிய பணமன்று, ஆயினும் ஊர்ச் சாவடியில் பொதுவாய் ஒரு மின்னணுத் தராசு வைக்க உதவும். மாசி, பங்குனியில் வரத்து மிகுந்து மண்டியில் நெருக்கடி ஏற்படுங்கால், வண்டி ஏற்றுமுன் அத்தராசில் நிறுத்து, எடையை மூட்டையின் மேலேயே எழுதி அனுப்பலாம்.