24 மில்லிகிராமா, 20 மில்லிகிராமா?

புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்னு கேள்விப்பட்டா, நாம கேட்பது "குணமாகுதா?" ஆனா முதல் கட்டச் சோதனையின் முக்கியக் கேள்வி வேறு: எவ்வளவு டோஸ் வரைக்கும் உடம்பு தாங்கும்?

லென்வாடினிப், பெம்ப்ரோலிசுமாப் ஜோடியைப் பாருங்க. தைராய்டு புற்றுநோய்க்கு லென்வாடினிப் மட்டும் தினம் 24 மில்லிகிராம். அதே அளவோடு பெம்ப்ரோலிசுமாபையும் சேர்த்தபோது, முதல் 3 பேரில் 2 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு. ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவருக்கு அசதி. 20 ஆகக் குறைத்து 10 பேருக்குக் கொடுத்தார்கள். டோஸைக் குறைக்கச் சொல்லும் அளவு பாதிப்பு யாருக்கும் இல்லை. அந்த 20 தான் அடுத்த கட்டத்துக்குப் போனது. 2019இல், ஏற்கெனவே சிகிச்சை எடுத்தும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் முற்றிய பெண்களில் பெரும் பகுதியினருக்கு இந்த ஜோடியை அமெரிக்கா அனுமதித்தது.

இப்போ கொல்லிமலை எடப்புளி நாட்டில் ஒரு அக்காவுக்கு நோய் திரும்பிடுச்சுன்னு வைங்க. இப்படியொரு சோதனையில் சேர்ந்தா, ரத்தப் பரிசோதனைக்கே அடிக்கடி 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். அவருக்குக் கிடைப்பது ஒரு வாய்ப்பு, உத்தரவாதம் இல்ல. இதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லணும். படிக்கத் தெரியாதவர்னா நடுநிலைச் சாட்சி வேணும். எப்போ வேணா அவர் விலகலாம். இந்தியாவின் 2019 விதிகள் சொல்வது இது.

உங்க வீட்டில் யாராவது அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் நிலை வந்தா, கூட உட்கார்ந்து மூணு கேள்வி கேளுங்க. இது எந்தக் கட்டம்? இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கீங்க? ராத்திரி உடம்புக்கு முடியலைன்னா யாரைக் கூப்பிடணும்?