திராவிடப் பல்லியா, கடற்பிராணியா?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் நம் மக்களுக்கு, எலும்பைக் கண்டு மீனைச் சொல்லும் கலையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இலையோரம் ஒதுக்கிய முள்ளைப் பார்த்தே, இது மடவை, இது கெளுத்தி என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். கல்லாகிப்போன எலும்புகளின்மேல் அறிஞர் செலுத்துவதும் ஏறத்தாழ இதே கலைதான். ஆனால் அவர்கள் கைக்குக் கிட்டுவன உடைந்தும் தேய்ந்தும் போன சில துண்டுகளே. அத்தகைய துண்டுகளைக் குறித்து நம் தமிழ்நாட்டில் எழுந்த வழக்கு ஒன்று இன்னும் தீர்ந்தபாடில்லை.

அரியலூர் வட்டாரப் பாறைகள் முற்காலத்தில் கடலடியில் படிந்தவை. சங்கும் சிப்பியும் அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் இப்பாறைகளை ஆராய்ந்து வகைப்படுத்தினார். பின்னர், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினரான யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர், இங்குக் கிடைத்த தலையோட்டின் பகுதி, பல், இடுப்பெலும்புகள், தட்டையான தகடுகள், முள் ஆகியவற்றை 1979-இல் விவரித்து, 'திராவிடோசாரஸ் பிளான்போர்டி' எனப் பெயரிட்டனர். திராவிட நாட்டுப் பல்லி என்பது முதற்சொல்லின் பொருள். இரண்டாவது அந்த ஆங்கிலேயரின் நினைவு. அழகிய பெயர்தான். ஆயினும் பெயர் சூட்டுவதால் மட்டும் பிள்ளையின் குலம் விளங்கிவிடுமா?

குலத்தை அறிய இடுப்பைப் பார்க்க வேண்டும். டைனோசர்களைப் பல்லியிடுப்பு உடையவை, பறவையிடுப்பு உடையவை என இரு கிளைகளாக 1887-இல் ஹாரி சீலி என்பவர் வகுத்தார். பறவையிடுப்புக் கிளையில், முதுகில் தகடுகளும் வாலில் முட்களும் தாங்கி, இலைதழை மேய்ந்து வாழ்ந்த குடும்பம் ஸ்டெகோசார். நம் திராவிடோசாரஸ் இக்குடும்பத்தது என்றே முதலில் எழுதினர். தலையோடு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமே. முழு உடல் 3 மீட்டர் அளவே இருக்கும் என மதிப்பிட்டனர். அமெரிக்காவின் பெரிய ஸ்டெகோசாருக்கு முன் இது ஒரு கன்று. வியப்பு வேறிடத்தில் உள்ளது. அக்குடும்பத்தின் பெரும்பகுதி வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டது. நம்முடையதோ சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையில் கிடைத்தது. அப்படியானால், எஞ்சி நின்ற கடைசிக் கிளைகளுள் ஒன்று தமிழ் மண்ணில் மேய்ந்தது என்றாகும்.

இங்கேதான் தடை எழுந்தது. சங்கர் சாட்டர்ஜி என்னும் அறிஞர் அவ்விடத்தைச் சென்று பார்த்தார். இவை டைனோசருடையன அல்ல, துடுப்புக் கால்களால் நீந்தி மீன் தின்ற பிளீசியோசார் என்னும் கடலூர்வனவற்றின் சிதைந்த எலும்புகளே என்று 1996-இல் ருத்ராவுடன் சேர்ந்து எழுதினார். தலையோடும் தகடுகளும் கடற்பிராணிக்குப் பொருந்தா என மறுத்தவரும் உளர்.

நிலத்தில் மேய்ந்த விலங்கு கடற்பாறையில் எவ்வாறு வந்தது என்று கேட்கலாம். அது அரிதன்று. ஆரணியாறு பெருகும் நாளில், செத்த மாடு மிதந்து ஏரிக்கு வந்து, முகத்துவாரம் கடந்து கடலில் சேர்வது நம்மூராருக்குப் புதிதா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரமும் அவ்வாறே கடலுக்கு அடித்து வரப்பட்டுப் புதைந்து கல்லானதே. எனவே விலங்கு வந்திருக்கக் கூடும். வந்தது என்பதற்கு எலும்புதான் சாட்சி சொல்ல வேண்டும்.

படைப்பை உற்று நோக்குவோர் படைத்தவரை விட்டு அகலுவர் என அஞ்சும் பெற்றோர் நம் பங்குகளில் உளர். அவர்களுக்கு நிக்கோலாஸ் ஸ்டீனோவை நினைவூட்டுகிறோம். 1666-இல் இத்தாலியில் பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தவர் அவர். நாக்குக்கல் என மக்கள் வழங்கியவை வானிலிருந்து விழுந்தவையல்ல, பண்டைச் சுறாவின் பற்களே என்று மறு ஆண்டு எழுதினார். அதே 1667-இல் கத்தோலிக்கரானார், 1677-இல் ஆயரானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். சுறாப் பல்லைக் கையில் எடுத்த எந்த நம் மீனவரும் அவர் சொன்னதை ஒரு நொடியில் ஒப்புவர்.

பெயரிட்டவருள் ஒருவரான அய்யாசாமியை இங்கே பாராட்டாதிருக்க இயலாது. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்து, ஸ்டெகோசாரின் தகடு எனக் கருதப்பட்ட வேறோர் எலும்பைப் பீட்டர் கால்டனுடன் அவரே மறுபடி சோதித்தார். அது தகடன்று என்னும் முடிவை 2017-இல் இருவரும் வெளியிட்டனர். திராவிடோசாரஸின் மூல எலும்புகளுக்கும் அத்தகைய முழு மறுவிவரணம் தேவைப்படுகிறது.

கோடை விடுமுறையில் அவ்வழி செல்லும் குடும்பத்தார் சாத்தனூர்க் கல்மரத்தையும், அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஓடைகளில் கிடக்கும் கற்சங்கினைப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டா. எந்தப் படிவில் கிடந்தது என்பது தெரியாத சங்கினால் அறிஞருக்குப் பாதிப் பயனும் இல்லை.