அவசர முடிவும் மனநலமும்

ஒரே ஒரு பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டுச் சங்கத்தின் ஆண்டுக்கணக்கு முழுவதையும் சரியென்றோ பிழையென்றோ எழுதும் தணிக்கையாளரை நம் அங்கத்தினர் எவரும் ஒப்பமாட்டார். ஆயினும் அன்றாட வாழ்வில் நாம் யாவரும் இவ்வாறு அவசர முடிவு கட்டுவதுண்டு. மனச்சிதைவு நோய்க்கு ஆளானோர் பலரிடம் இவ்வியல்பு மிகுந்திருப்பதை உளவியலார் கண்டறிந்துள்ளனர்.

1988ஆம் ஆண்டில் ஹக், காரெட்டி, ஹெம்ஸ்லி என்னும் மூவர் லண்டனில் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். இரண்டு ஜாடிகள், ஒன்றில் நூற்றுக்கு 85 மணிகள் ஒரு நிறம், 15 மணிகள் வேறு நிறம், மற்றதில் இவ்விகிதம் தலைகீழ். ஜாடிகளை மறைத்துவிட்டு, ஒன்றிலிருந்து மட்டும் மணிகளை ஒவ்வொன்றாகக் காட்டுவர். அது எந்த ஜாடி என்று உறுதியாகத் தோன்றும்வரை மேலும் மணிகளைக் கேட்கலாம். பொய்யான நம்பிக்கைகளால் துன்புற்றோர் ஏனையோரைவிடக் குறைந்த மணிகளைக் கண்டே முடிவு கூறினர். ஓரிரு மணிகளோடு நிறுத்தியவரும் உண்டு.

இதன் விளைவு சிறிதன்று. தறிக்கூடத்தில் இருவர் சிரித்துப் பேசினால், அவர்கள் தமக்குத் தீங்கு சூழ்வதாக நோயாளி துணிந்துவிடக்கூடும். மாறான சான்று பின்னர் வந்தாலும் மனம் எளிதில் இடந்தராது. இஃது அறிவின்மையன்று, பிடிவாதமுமன்று, நோயோடு இணைந்து காணப்படும் சிந்தனைச் சாய்வு.

இச்சாய்வைத் தளர்த்தவும் வழியுண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டெபன் மோரிட்ஸும், கனடாவின் டாட் உட்வார்டும் இதற்கென எட்டுப் பகுதிகள் கொண்ட குழுப்பயிற்சியை வகுத்தனர். அதில் ஒரு சித்திரம் சிறிது சிறிதாக வெளிப்படும். முதற்கோடுகளைக் கண்டு ஊகித்தது இறுதியில் வேறொன்றாய் நிற்கும். "இன்னும் சற்றுப் பார்ப்போம், வேறு காரணமும் இருக்கலாமோ?" என்று தம்மைத் தாமே வினவும் பழக்கம் இவ்வாறு வளர்கிறது. இப்பயிற்சி மருந்துக்குத் துணையே அன்றி மாற்றன்று. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்துதல் நோய் மீண்டும் தலைதூக்க வழி செய்யும்.

நலம் பெறுதல் என்பது அறிகுறிகள் அறவே மறைவது மட்டுமன்று. வேளைக்கு எழுவதும், உண்பதும், இயன்ற தொழிலைச் செய்வதும், நால்வரோடு கலந்து பழகுவதும் அதன் படிகளே. சென்னையில் 1984ஆம் ஆண்டு டாக்டர் சாரதா மேனன் அம்மையார் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையம், சிகிச்சையோடு மறுவாழ்வுக்கும் தொழிற்பயிற்சிக்கும் இடமளித்து வருகிறது.

இங்கே நம் பங்கும் உண்டு. நோயுற்ற அங்கத்தினரின் ஒரு நாளைய நடத்தையைக் கண்டு, "இனி இவரால் ஆகாது" என்று நூல் தருவதை நிறுத்துவதும், விதைக்கடன் மனுவை ஒதுக்குவதும், ஒரு மணியைக் கண்டு ஜாடியைத் தீர்மானிப்பதே ஆகும். சிறிய பாவு கொடுத்துப் பார்க்கலாம், அவகாசம் தரலாம், தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். ஒருவருக்காக அனைவரும் என்னும் நம் கொள்கை இத்தகைய குடும்பங்களின் வாசலிலும் விளங்குவதாக.