பொத்தல் விழுந்த பொய்த்தவளை

கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்ததும் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே மணலுக்கு நடுவில் மடுக்கள் தேங்கி நிற்கும். பாசி படர்ந்த மடு என்றால் விராலுக்குக் கொண்டாட்டம். செவுள் மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றைக் குடித்தாக வேண்டும். மேலே குதிக்கும் தவளை அதன் கண்ணில் படாமல் போகுமா?

முன்பெல்லாம் உயிர்த்தவளையையே முள்ளில் கோத்துப் போடுவார்கள். இப்போது பலர் கையில் இருப்பது ரப்பர் போல மெத்தென்ற, உள்ளே வெறும் காற்று அடைத்த பொய்த்தவளை. இரட்டை முள்ளின் இரு நுனிகளும் அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் பாசியில் சிக்காது. விரால் கவ்வும்போது உடல் நசுங்கி, முள் வெளியே வரும்.

விராலுக்குப் பல் உண்டு. நாலைந்து கடிக்குப் பிறகு ஊசிமுனை அளவில் பொத்தல் விழும். நீர் புகுந்த தவளை மிதக்காமல் அமிழும். புதிது வாங்குமுன் ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து மெல்ல நசுக்குங்கள். குமிழி எங்கிருந்து வருகிறதோ அதுதான் பொத்தல். நீரைப் பிழிந்துவிட்டு, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டும். ஈரத்தின் மேல் பசை நிற்காது. பிறகு ஊசிமுனையால் ஒரே ஒரு பொட்டு, காய்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும் பசை. அள்ளி அப்பினால் எடை ஒருபக்கம் சாயும்.

முள் துருப்பிடித்திருந்தால் அரத்தால் தீட்டலாம். நகத்தின் மேல் வைத்து இழுத்தால் வழுக்கக் கூடாது, பிடிக்க வேண்டும்.

மீன் வடிவப் பொய்யிரைகளான லூர்களுக்கு இதே நிதானம் இன்னும் அதிகம் வேண்டும். பின்லாந்தின் லௌரி ராப்பலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டித் தன் முதல் லூரைச் செய்தார். அடிபட்ட மீனைப் போல அது தள்ளாடியதுதான் அதன் வெற்றி. பெயின்ட் உரிந்ததென்று மேலே மேலே பூசினால் அந்தத் தள்ளாட்டமே போய்விடும். பழையதைத் தேய்த்தெடுத்து, மெல்லிய பூச்சு ஒன்று, காய்ந்தபின் இன்னொன்று போதும். இந்த லூரையும் ரப்பர் தவளையையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய் பெயின்டைக் கரைத்துவிடும்.

ஒட்டிய தவளையை மறுபடி வாளியில் விட்டுப் பாருங்கள். மூக்கு மேலே, பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து நின்றால் விடியலில் மடுவுக்கு எடுத்துப் போகலாம்.